பின்கண்ணாடியிலிருந்து இருக்கையடிக்கு

டென்னசியில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தச்சர். அறுபதைத் தாண்டியவர். தன் அப்பா ஓட்டிய பழைய பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும் வரை பேசுவார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில் ஒரு மரச்சட்டம் இருந்ததாம். அதில் இரண்டு அடுக்குக் கொக்கிகள். துப்பாக்கியின் மெருகு உரசிப் போகாமலிருக்க அவற்றில் பச்சைக் கம்பளித்துணியைச் சுற்றியிருப்பார் அப்பா. மேல் கொக்கியில் மான் வேட்டைக்கான ரைஃபிள். கீழ்க் கொக்கியில் ஷாட்கன். வேட்டைக் காலம் முடிந்தால் ஷாட்கன் இருந்த இடத்துக்குத் தூண்டில் கழி வந்துவிடும்.

எழுபதுகளில், பள்ளியின் கடைசி ஆண்டில், அவரும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலிலேயே நிறுத்துவாராம். மணி அடித்ததும் நேராகக் காட்டுக்குப் போகலாம் என்பதற்காகத் துப்பாக்கி கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வகுப்பாசிரியர் வெளியே வந்து, அது எந்தக் கம்பெனி ரைஃபிள் என்று கண்ணாடி வழியே பார்த்து விசாரிப்பாராம். தேவாலய வாசலிலும், இரும்புக்கடை வாசலிலும், ஆலை வாசலிலும் அப்படித்தான். யார் வண்டியில் எந்தத் துப்பாக்கி என்பது ஊருக்கே தெரியும். ஒருநாள் கொக்கி காலியாக இருந்தால் நாலு பேர் கேட்டுவிடுவார்கள்.

இந்தக் கதையை இப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதே ஊரில், அதே ஆண்டுகளில், ஒரு கறுப்பின இளைஞன் பின்கண்ணாடியில் ரைஃபிள் தொங்க நகரத்துக்குள் வந்திருந்தால் போலீஸ் அதை இப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருக்காது என்றார். அந்தக் காலத்து நிம்மதி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு விஷயம் என்னை விடவில்லை. அன்று வண்டியில் இருந்த துப்பாக்கி பார்வையில் இருந்தது. இன்று அது மறைவில் இருக்கிறது. அமெரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிறுத்திய வண்டியும் துப்பாக்கியும் பற்றி வந்த சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடமாற்றம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஊருக்குள் வருபவன் தன் ஆயுதத்தை எங்கே விட வேண்டும் என்ற கேள்வி அங்கே மோட்டார் வண்டிக்கும் முந்தியது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரம் 1881-இல் ஒரு விதி போட்டது. ஊருக்குள் ஆயுதம் தரித்து நடமாடக் கூடாது. வந்ததும் குதிரை லாயத்திலோ விடுதியிலோ மதுக்கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். சினிமாக்காரர்கள் இன்றுவரை விடாத அந்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டைகூட, அதே ஆண்டு அக்டோபரில், இந்த விதியை மீறியவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்கப் போன இடத்தில் வெடித்ததுதான். அங்கே குதிரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தான். துப்பாக்கியையும் அவனே பார்த்துக்கொண்டான். இன்றைய பார்க்கிங்கில் அப்படி ஓர் ஆள் இல்லை.

இப்போது நடைமுறையில் இருக்கும் சட்டங்களின் கதை ஓக்லஹோமாவின் தென்கிழக்கு மூலையில், வேலியன்ட் என்ற சிற்றூரின் காகித ஆலையில் தொடங்குகிறது. ஆலை வெயர்ஹவுசர் நிறுவனத்துடையது. 2002 அக்டோபர் 1 அன்று நிர்வாகம் மோப்ப நாய்களைக் கொண்டுவந்து தொழிலாளர்களின் வண்டிகள் நின்ற இடத்தைச் சோதித்தது. பல வண்டிகளில் துப்பாக்கி இருந்தது. மான் வேட்டை நடக்கும் மாதங்கள், மரம் வெட்டியும் வேட்டையாடியும் வாழ்ந்த வட்டாரம், அங்கே வேறென்ன இருக்கும்? ஆலைத் தொழிலாளர்களும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை இழந்தார்கள். வளாகத்துக்குள் துப்பாக்கி கூடாது என்ற விதி வண்டி நிறுத்துமிடத்துக்கும் பொருந்தும் என்று முன்பே அறிவித்திருந்தோம் என்றது நிறுவனம். பூட்டிய வண்டி என் வீட்டைப் போல, அதற்குள் இருப்பதைக் கேட்க நீ யார் என்றார்கள் தொழிலாளர்கள். வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது.

ஆனால் சட்டமன்றம் தொழிலாளர்களின் பக்கம் வந்தது. பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை எந்த முதலாளியும் தடுக்கக் கூடாது என்று 2004-இல் ஓக்லஹோமா சட்டம் இயற்றியது. மறு ஆண்டு அதை இன்னும் இறுக்கியது. வேர்ல்பூல், கோனோகோஃபிலிப்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. கோனோகோஃபிலிப்ஸ் பெட்ரோலை வாங்காதீர்கள் என்று தேசிய ரைஃபிள் சங்கம் 2005-இல் புறக்கணிப்பு அறிவித்தது. தொழிலிடப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டத்துக்கு இது முரண் என்று 2007-இல் மாவட்ட நீதிபதி டெரன்ஸ் கெர்ன் தடை விதித்தார். 2009 பிப்ரவரியில் பத்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. பணியிடத் துப்பாக்கி பற்றி மத்திய அரசு தனியாக விதி எதுவும் செய்யாதபோது மாநிலத்தின் கையைக் கட்டிப்போட முடியாது என்பது அதன் தீர்ப்பு.

முதலாளிகளின் பயம் வெறும் வறட்டுப் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வேலியன்ட் சோதனைக்கு அடுத்த ஆண்டு, 2003 ஜூலை 8 அன்று, மிசிசிப்பியின் மெரிடியனில் லாக்ஹீட் மார்ட்டின் ஆலையில் ஒரு தொழிலாளி பயிற்சிக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து வெளியே போனார். தன் வண்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஆயுதங்கள் இருந்தன. உடன் வேலை பார்த்த ஆறு பேரைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். கோபம் வந்த இடத்துக்கும் துப்பாக்கி இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்தது பார்க்கிங் வரை நடக்கும் தூரம் மட்டும்தான். அதே மிசிசிப்பி, மூன்றே ஆண்டுகளில், 2006-இல், பூட்டிய வண்டியில் துப்பாக்கி வைப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கேட் போட்டுக் காவலாளி வைத்து வழிமறித்த பார்க்கிங்குக்கு மட்டும் விலக்கு. அந்தச் சட்டம் ஏட்டளவில் நிற்கவில்லை. வண்டியில் துப்பாக்கி இருந்ததற்காக வேலை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், இப்படி நீக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்று 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

அலாஸ்கா, கென்டக்கி, கான்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, லூசியானா, அரிசோனா, டெக்சாஸ் என்று ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக்குள் இந்தச் சட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. விவரங்கள் ஊருக்கு ஊர் மாறும். ஃப்ளோரிடாவில் வெடிமருந்து உரிமம் பெற்ற வளாகங்களுக்கு விலக்கு இருந்தது. இரவுதோறும் வாணவேடிக்கை நடத்தும் டிஸ்னி வேர்ல்டு அந்த உரிமத்தைக் காட்டி, எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது.

டென்னசியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சட்டங்கள் எப்படிப்பட்ட அழுத்தத்தில் பிறந்தன என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. 2012-இல் மசோதா வந்தபோது மெம்ஃபிஸின் ஃபெடெக்ஸும் சட்டனூகாவின் ஃபோக்ஸ்வாகனும் எதிர்த்தன. எங்கள் இடம், எங்கள் விதி என்பது அவர்கள் வாதம். ஆளும் குடியரசுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் துப்பாக்கி உரிமை, இன்னொரு பக்கம் சொத்துரிமை. இரண்டுமே அந்தக் கட்சி பூசிக்கும் தெய்வங்கள். அவையில் அக்கட்சி உறுப்பினர் குழுவின் தலைவராக இருந்த டெப்ரா மேகர்ட் மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் நிறுத்தியவர்களில் ஒருவர். அவரே தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். அந்தச் சங்கமே அவருக்கு எதிராகக் களம் இறங்கியது. சாலையோர விளம்பரப் பலகைகள், வானொலி, கடிதங்கள் என்று பணத்தைக் கொட்டியது. ஆகஸ்டில் நடந்த உட்கட்சித் தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டே சட்டம் நிறைவேறியது. ஆளுநர் பில் ஹாஸ்லம் கையெழுத்திட்டார். உரிமம் உள்ளவர் வண்டியில் துப்பாக்கி வைப்பது குற்றமில்லை என்றுதான் அதில் இருந்தது. அதற்காக வேலையை விட்டு நீக்கினால் வழக்குப் போடலாம் என்பது 2015-இல் சேர்ந்தது. இடையில், 2014-இல், உரிமமே இல்லாமலும் வண்டிக்குள் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. 2021-இல் வண்டியை விட்டு இறங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கவும் உரிமம் தேவையில்லை என்றானது.

இத்தனை சட்டங்களையும் அடுக்கிவைத்துப் பாருங்கள். முதலாளி என்ன செய்யக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வண்டியைப் பூட்டிவிட்டுப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பது அநேகமாக ஒரு வரிதான்: வண்டி பூட்டியிருக்க வேண்டும், பொருள் வெளியே தெரியக் கூடாது. உரிமையை இவ்வளவு கவனமாகச் செதுக்கியவர்கள் கடமையை ஏன் இப்படிப் போகிற போக்கில் எழுதினார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இந்த ஆண்டுகளில் வண்டிக்குள் இருந்த பொருளும் மாறிவிட்டது. எதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று 1999-இல் கேட்டபோது 49 விழுக்காட்டினர் வேட்டைக்கு என்றார்கள்; பாதுகாப்புக்கு என்றவர்கள் 26 விழுக்காடு. பியூ ஆய்வு மையம் 2013-இல் கேட்டபோது கணக்குத் தலைகீழாகிவிட்டது: பாதுகாப்பு 48, வேட்டை 32. மான் வேட்டைக்காரரின் ரைஃபிள் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் வண்டியில் இருக்கும். பாதுகாப்புக்கென்று வாங்கிய கைத்துப்பாக்கி 365 நாளும் இருக்கும். ரைஃபிளைத் திருடியவன் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓட முடியாது. கைத்துப்பாக்கி ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும் இடத்தில் அடங்கிவிடும்.

இன்று 29 மாநிலங்களில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் எல்லா வாசலும் அதை ஏற்பதில்லை. மருத்துவமனை, நீதிமன்றம், விளையாட்டு அரங்கம், மதுக்கடை, பள்ளி என்று வாசல்தோறும் அறிவிப்பு. டெக்சாஸில் அந்த அறிவிப்பின் எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும் என்பதுவரை சட்டத்தில் எழுதியிருக்கிறது. வாசல் வரை வந்தவர் பலகையைப் பார்க்கிறார், திரும்பி வண்டிக்கு நடக்கிறார், கதவைத் திறந்து குனிகிறார், அரை நிமிடம் கழித்து வெறுங்கையோடு நிமிர்கிறார். பார்க்கிங்கின் கோடியில் ஒரு காருக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு தகவலே வேண்டாம்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததும் அதுதான். மனைவிக்கு ஸ்கேன் எடுக்க ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார். பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இடுப்பிலிருந்த பிஸ்டலை டேஷ்போர்டு அறையில் வைத்துப் பூட்டினார். வெளியே வந்தபோது பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கை முழுக்க உப்புக்கல் போலச் சிதறிக் கிடந்தது. டேஷ்போர்டின் மூடி ஒரு கீலில் தொங்கியது. மனைவியின் கைப்பை இருக்கையிலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. புகார் எழுத வந்த போலீஸ்காரர் முதலில் கேட்டது துப்பாக்கியின் வரிசை எண். இவரிடம் அது இல்லை. வாங்கிய கடையைத் தேடிப் பிடித்துப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி எண்ணை வாங்கிக் கொடுக்க மூன்று நாளானது.

அவர் தனி ஆள் அல்ல. நாஷ்வில் நகரப் போலீஸ் வாரந்தோறும் வண்டிகளிலிருந்து எத்தனை துப்பாக்கி களவுபோயிற்று என்று அறிக்கை வெளியிடும் வழக்கம் வைத்திருக்கிறது. 2022-இல் மட்டும் அந்த ஒரு நகரத்தில் 1,300-க்கு மேல். களவுபோன துப்பாக்கிகளில் பத்துக்கு ஏழு வண்டியிலிருந்து போனவை. நாடு முழுக்கவும் இதே போக்குத்தான். எஃப்.பி.ஐ. தரவுகளை வைத்து, துப்பாக்கி வன்முறைக்கு எதிரான எவ்ரிடவுன் அமைப்பு போட்ட கணக்குப்படி, 2020-க்குப் பத்தாண்டு முன் திருட்டுத் துப்பாக்கிகளில் கால்வாசிகூட வண்டியிலிருந்து போகவில்லை. 2020-இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. வீடு புகுந்து திருடுவதைவிட, இரவில் வரிசையாக நிற்கும் கார்களின் கைப்பிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது எவ்வளவு சுலபம். பூட்டாத கதவு ஒன்று மாட்டாமலா போகும்?

சட்டத்தின் பார்வை கடமையின் பக்கம் திரும்பியது கலிஃபோர்னியாவில். 2015 ஜூன் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மையத்தில் நின்ற ஒரு காரிலிருந்து கைத்துப்பாக்கி ஒன்று களவுபோயிற்று. கார் மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக் காவலர் ஒருவருடையது. நாலே நாளில், ஜூலை 1 மாலை, கடற்கரைப் படகுத்துறையில் தந்தையோடு உலாவிக்கொண்டிருந்த 32 வயதுப் பெண்ணின் உயிரை அந்தத் துப்பாக்கியின் குண்டு எடுத்தது. நாடே இந்தச் சாவைக் குடியேற்றத் தகராறாக மாற்றிப் பேசியது; சுட்டவர் பலமுறை நாடு கடத்தப்பட்டவர் என்பதைச் சுற்றியே விவாதம் ஓடியது. துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதைப் பேசியவர்கள் குறைவு. பேசிய சிலரால்தான் ஒரு சட்டம் வந்தது. ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் செல்பவர், போலீஸ்காரரே ஆனாலும், டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று 2017 ஜனவரியிலிருந்து அங்கே விதி. அதுவரை சாதாரணக் குடிமக்களுக்கு இருந்த கட்டுப்பாடு போலீசுக்கு இல்லை என்பதைப் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது.

கனெக்டிகட் 2019-இல் இதைப் பின்பற்றியது. நியூயார்க் 2022-இல் இன்னும் கடுமையாக்கியது: தோட்டாவை எடுத்துவிட வேண்டும், தனிப் பூட்டுப்பெட்டி வேண்டும், டேஷ்போர்டு கணக்கில் வராது. வேட்டைக்காரர்கள் நிறைந்த கொலராடோவிலும் 2025 ஜனவரி 1 முதல், ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கி கெட்டியான பூட்டுப்பெட்டிக்குள், பார்வைக்கு மறைவாக, பூட்டிய வண்டிக்குள் இருக்க வேண்டும், மீறினால் அபராதம். நீண்ட துப்பாக்கிகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு.

தெற்கே கதை வேறு. ஜார்ஜியாவின் சவானா நகரில் ஓராண்டில் இருநூறுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் பூட்டாத வண்டிகளிலிருந்தே போயின. பூட்டாத வண்டியில் துப்பாக்கியை விட்டுச் செல்வது குற்றம் என்று நகர மன்றம் 2024 ஏப்ரலில் விதி செய்தது. அடுத்த மாதமே மாநிலத் தலைமை வழக்கறிஞர் கிறிஸ் கார், துப்பாக்கி பற்றி விதி செய்ய நகரங்களுக்கு அதிகாரமே இல்லை என்று எழுதினார். மேயர் வான் ஜான்சன் பின்வாங்கவில்லை. கதவைப் பூட்டு என்று சொல்வதற்குக்கூட ஒரு நகரம் மாநிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. டென்னசி சட்டமன்றத்திலும் வண்டியில் பாதுகாப்பாக வைப்பதைக் கட்டாயமாக்கும் மசோதாக்கள் பலமுறை வந்து பலமுறை விழுந்தன. 2023 மார்ச்சில் நாஷ்வில் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு கூடிய சிறப்புக் கூட்டத்தொடரில், துப்பாக்கிப் பெட்டகங்களுக்கு விற்பனை வரியை நீக்கினார்கள், பூட்டுகளை இலவசமாகக் கொடுக்க முடிவு செய்தார்கள். எதையும் கட்டாயமாக்கவில்லை.

வரி இல்லாத அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார். ஒரு நாள் மாலை என்னை அழைத்துக் காட்டினார். நம்மூர் டிபன் பாக்ஸைத் தட்டையாக்கியது போல ஒரு கறுப்பு எஃகுப் பெட்டி. உள்ளே மெத்தென்ற ஸ்பாஞ்சு. மூடியில் நான்கு பொத்தான்கள். பக்கத்திலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஓர் எஃகு வடம்; அதை இருக்கையின் இரும்புக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிட வேண்டும். மாட்டியபின் பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். முழு பலத்தோடு இழுத்தேன், இருக்கைதான் கிறீச்சிட்டது. கடப்பாரையும் கால்மணி நேரமும் இருந்தால் இதையும் உடைத்துவிடுவான் என்றார். ஆனால் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு ஓடுகிறவனுக்கு அரை நிமிடம்தான் அவகாசம். இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் செலவுதான் இதன் விலை.

அப்பாவின் மரச்சட்டம் அவருடைய பட்டறைச் சுவரில் இன்னும் மாட்டியிருக்கிறது. இப்போது அதில் ரம்பங்கள் தொங்குகின்றன. பச்சைக் கம்பளித்துணி ஓரங்களில் நைந்து பழுப்பேறிவிட்டது.

களவுபோன பிஸ்டல் கிடைக்கவில்லை. எங்காவது கிடைத்தால், அல்லது எங்காவது சுடப்பட்டால், வரிசை எண்ணை வைத்து அழைப்பார்கள் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது சாத்தியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னாராம். அதன் பிறகு, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்கவே எடுக்காத என் பக்கத்து வீட்டுக்காரர், ஒவ்வொரு அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.